யாரிடமிருந்து வந்தது?

அவனுக்கு டெஸ்டர் என்று பெயர் வைத்தவர்கள் கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும் என்பது ஒரு காரணம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று கூட்டாளி சத்தியம் செய்தாலும், தானே ஒருமுறை வைத்துப் பார்க்காமல் கம்பியில் கை வைக்க மாட்டான் என்பது இன்னொரு காரணம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது நல்ல குணம். அந்தத் தொழிலில் பேச்சை நம்பியவர்கள் சிலர் இப்போது இல்லை.

வீட்டிலும் அவன் அப்படித்தான். கேஸை மூடியாச்சு என்று மனைவி சொன்னால் தலையை ஆட்டுவான். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல அடுக்களைக்குப் போய்த் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. திருகு சொன்னாத்தான் நம்புவீங்க" என்பாள் அவள். அதில் கோபம் இருக்காது. பத்து வருடக் குடும்பத்தில் அது ஒரு பழகிய கேலி.

அவள் ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் வேலை பார்த்தாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் சேர்ந்த வேலை. தரைக்குக் கீழே ஜன்னலே இல்லாத கூடம். ஒரு பக்கம் துவைக்கும் எந்திரங்கள், மறுபக்கம் விரிப்புகளைத் தேய்க்கும் நீளமான ரோலர். விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை இன்னொருத்தி பிடித்து உள்ளே விடுவார்கள். வேலை முடிந்ததும் ஓட்டலின் வேன் பெண்களை அவரவர் தெருமுனையில் இறக்கிவிடும். வேன் ஓட்டுகிறவர் வழி முழுக்கப் பாடிக்கொண்டே வருவார் என்பதால் அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். பாட்டு நன்றாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி. தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி கட்டியது. அடுத்த நாள் சிறுநீர் போனால் மிளகாய் பட்டது போல எரிச்சல். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்தாள். அது இன்னும் மோசமாயிற்று. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைக்கண்ணாடியில் பார்த்தபோது, அந்த இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக இருந்தன. சில உடைந்து புண்ணாகியிருந்தன.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"சூடுடி. இல்லாட்டி அக்கியா இருக்கும். எளநீர் குடி" என்றாள் அக்கா.

தெருவில் இருந்த டாக்டர், அவள் சொல்லி முடிப்பதற்குள் நீர்க்கடுப்புக்கு மாத்திரை எழுதிவிட்டார். அது கேட்கவில்லை. உட்கார முடியாமல், ஒருக்களித்துப் படுக்கவும் முடியாமல் அவள் தவித்ததைப் பார்த்து, டெஸ்டர் விடுப்புப் போட்டு அவளை ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனான். கூட்டம் அதிகம். அவன் வெளியே ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றான். அவள் திரும்பி வரும்போது கையில் மாத்திரை இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த தட்டு போல இருந்தது முகம்.

"என்ன சொன்னாங்க?"

"ஏதோ வைரஸாம். மாத்திரை குடுத்திருக்காங்க, சரியாயிடும்."

"எப்படி வந்துச்சாம்?"

அவள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "லாண்டரில கண்ட துணியெல்லாம் தொடுறோம்ல. அதுலேருந்து வந்திருக்கும்."

டெஸ்டருக்கு ஓட்டல் மேல் ஆத்திரம் வந்தது. யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்பு, துடைத்துப் போட்ட துண்டு. கையுறை கொடுத்தார்களா என்று கேட்டான். மேலாளரைப் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினான். அவள் பதறிவிட்டாள்.

"வேண்டாம், விடுங்க. பெரிசு பண்ணாதீங்க."

"உனக்கு வந்தது நாளைக்கு இன்னொருத்திக்கு வராதா?"

"விடுங்கன்னா விடுங்களேன்."

அந்தப் பதற்றம் அவனுக்குள் எங்கோ இடறியது. சுவிட்சை அணைத்துவிட்டதாகச் சொல்கிறவன், தொட்டுப் பார்க்காதே என்று கையைப் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி. அவள் தூங்கும்போது மாத்திரை அட்டையைப் படம் எடுத்துக்கொண்டான். மறுநாள் ஒரு அலுவலகக் கட்டிடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் உட்கார்ந்து, அந்த மருந்தின் பெயரைப் போனில் தேடினான். அது எதற்கான மாத்திரை என்று வந்தது. பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸ். துணியால் வராது, துண்டால் வராது, கழிப்பறை இருக்கையால் வராது. தோலோடு தோல் உரசுவதால், உடலுறவால் வரும்.

திரும்பத் திரும்பப் படித்தான். அவனுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. அவளுக்கு இருக்கிறது. அவள் பொய் சொல்லியிருக்கிறாள். மூன்றையும் கூட்டிப் பார்க்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுத்துவிடுவாள், மறுத்த பிறகு ஜாக்கிரதையாகிவிடுவாள் என்று நினைத்தான். எனவே கேட்கவில்லை. பார்க்க ஆரம்பித்தான்.

பார்க்க ஆரம்பித்தால் எல்லாம் தெரியும். அவள் குளியலறையில் தனி சோப்பு வைத்துக்கொண்டாள். தன் துணியைத் தனியாக ஊறவைத்தாள். எப்போதும் அவளைக் கட்டிக்கொண்டு தூங்கும் மகளைத் தள்ளிப் படுக்கச் சொன்னாள். "அம்மா ஏன் என்னைக் கட்டிப்புடிக்க மாட்டேங்குறா?" என்று மகள் அவனிடம் வந்து கேட்டது. குற்றமுள்ள மனசு இப்படித்தான் செய்யும் என்று அவன் எண்ணிக்கொண்டான். அவள் குளிக்கும்போது அவள் போனை எடுத்துப் பார்த்தான். விரிப்புகளில் இருந்த கறைகளின் படங்களாகவே இருந்தன. காப்பிக் கறை, மைக் கறை, உதட்டுச் சாயக் கறை. மேற்பார்வையாளருக்கு அனுப்ப எடுத்தவை. இத்தனை கறைப் படத்துக்கு நடுவில் என்ன ஒளிந்திருக்கிறதோ என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே அவனுக்கு இன்னொரு சந்தேகமாயிற்று. அழித்திருப்பாள்.

அவளும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தாமதமாகவே உறைத்தது. அவனுக்குப் போன் வந்தால் அவள் திறந்த குழாயை மூடிவிடுவாள். வேலை முடிந்து வந்த சட்டையை ஊறவைப்பதற்கு முன்னால் ஒரு நொடி கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். இரண்டே அறை உள்ள வீடு. அதில் இரண்டு பேர் ஒருவர் மற்றவரைக் காவல் காத்துக்கொண்டு, "சாம்பார் போதுமா", "போதும்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

புண் ஆறி அவள் வேலைக்குத் திரும்பினாள். சில வாரம் கழித்து, வேன் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தது. கேட்டதற்கு, வழியில் நெரிசல் என்றாள். அன்று அந்தச் சாலை வழியாகத்தான் அவனும் வந்திருந்தான். நெரிசல் இல்லை.

அடுத்த வாரம் அதே கிழமையில், உடம்பு சரியில்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டு, ஓட்டலின் பின்வாசலுக்கு எதிரே ஸ்கூட்டரில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வேன் கிளம்பியதும் பின்னாலேயே போனான். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் அவள் மட்டும் இருந்தாள். வேன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் வேறு சாலையில் திரும்பியது. பத்து வருடமாகத் தெரிந்த ஒருத்தியைப் பற்றி, ஒரு திருப்பத்தில் இவ்வளவு நினைக்க முடியும் என்று டெஸ்டருக்கே தெரியாது.

வேன் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. பாட்டுக்காரரும் இறங்கினார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டே உள்ளே போனார்கள்.

அவன் படிக்கட்டில் ஏறினான். முதல் மாடியில், தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு என்று எழுதிய கதவுக்கு முன்னால், பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முதலில் அவனைப் பார்த்தவர் அவர்தான்.

"வாங்க தம்பி. நீங்க வருவீங்கன்னு சொல்லவேயில்லையே" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. "என் வீட்டுக்காரிக்குச் சுகர் புண், காலுக்குக் கட்டு மாத்த வாரா வாரம் மேல் மாடிக்கு வர்றோம். தங்கச்சியும் இங்க வரணும்னுச்சு, சேத்துக் கூட்டியாந்தேன். சரி, நீங்க வந்துட்டீங்க, நான் போய் அவளைப் பாக்குறேன், முன்னாடியே பஸ்ஸுல வந்திருப்பா." படியேறும்போதே பாட ஆரம்பித்துவிட்டார்.

டெஸ்டர் கையில் ஹெல்மெட்டோடு நின்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பின்னாடியே வந்தீங்களா?"

அவன் கதவில் எழுதியிருந்ததைப் பார்த்தான்.

"வேன் பின்னாடியே வந்தீங்களா?"

"துணியால வந்துச்சுன்னு பொய் சொன்னேல்ல" என்றான். அவன் குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

"ஆமா, சொன்னேன். அன்னைக்கே அந்த டாக்டர் புண்ணைத் துடைச்சு, ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, இங்க வந்து காட்டச் சொன்னாங்க; துணியால வராதுன்னும் சொல்லிட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்கு இருக்கான்னு கேட்டாங்க. நான் என்ன பதில் சொல்றது? வெளிய வந்து உங்க மூஞ்சியைப் பாத்தேன். ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னீங்க. நெசமாவே தெரியாதா, நடிக்கிறீங்களான்னு எனக்குப் புரியல. துணின்னு சொன்னா நீங்க உடனே சரின்னு ஒத்துக்கிட்டா நடிப்புன்னு நெனச்சேன். நீங்க ஓட்டல்காரனை அடிக்கக் கிளம்பிட்டீங்க. அப்பறம் இன்னும் குழம்பிடுச்சு."

அதற்குள் கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வீட்டுக்காரர் வந்திருக்காரா? நல்லதாப் போச்சு. இத்தனை தரம் சொல்லியும் யாரும் கூட்டிட்டு வர்றதில்ல. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

உள்ளே இருந்த டாக்டர் நடுவயதுப் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதை மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். டெஸ்டர் உட்காருவதற்கு முன்பே கேட்டான்.

"இது யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியுமா டாக்டர்?"

"முடியாது. அதைச் சொல்ற மெஷின் இன்னும் வரல" என்றார் டாக்டர். "எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்குறாங்க. உக்காருங்க."

அவர் பேசியது எளிமையாகத்தான் இருந்தது. இந்த வைரஸ் உடம்புக்குள் போனால் நரம்பின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எப்போதாவது எழுந்து தோலுக்கு வரும். வந்தால் சிலருக்குக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், சிலருக்கு ஒரு சின்னக் கீறல், பலருக்கு ஒன்றுமே இல்லை. இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். புண் இல்லாத நாளிலும் மற்றவருக்குத் தொற்றும். அடியோடு ஒழிக்க மருந்து கிடையாது. ஆனால் அடக்கி வைக்க மாத்திரை உண்டு, வருஷம் போகப் போக அதுவே அடங்கும்.

"அக்கின்னு அக்கா சொன்னா" என்றாள் அவள்.

"அக்கி பங்காளி வீடு மாதிரி. ஒரே குடும்பம், ஆனா ஆள் வேற."

பிறகு, தனித்தனியாகச் சில கேள்வி கேட்கவேண்டும் என்று சொல்லி அவளை வெளியே உட்காரவைத்தார். டெஸ்டரிடம் கேட்டார்: "உங்களுக்கு அந்தப் பக்கத்துல எப்பவாவது புண்ணு, அரிப்பு, வெடிப்பு வந்ததுண்டா? திரும்பத் திரும்ப ஒரே எடத்துல?"

"இல்ல டாக்டர்." கொஞ்சம் யோசித்தான். "ஹார்னஸ் போடுவேன். கீழ விழாம இருக்க இடுப்புலயும் தொடையிலயும் பட்டை இறுக்குவோம்ல, அது. ரொம்ப நேரம் தொங்கி வேலை செஞ்சா பட்டை உரசி லேசாத் தடிச்சுப் புண்ணாகும். பவுடர் போடுவேன், ஒரு வாரத்துல போயிடும்."

"எப்பவும் ஒரே பக்கமா?"

"ஆமா. இடது பக்கம்."

"பட்டை ரெண்டு பக்கமும் தான இருக்கு?"

டெஸ்டரின் கை தானாக இடது தொடைக்குப் போயிற்று.

"இந்த ஹார்னஸ் எத்தனை வருஷமாப் போடுறீங்க?"

அவன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு இறங்குவதுதான் வழக்கம். ஹார்னஸ் எல்லாம் பிறகு வந்தது. ஆனால் அந்தப் புண் அதற்கு முன்பே வந்திருக்கிறது. வேறொரு ஊரில், கம்பெனி எடுத்துக்கொடுத்த அறையில், தண்ணீர் மாற்றம், ஊர்ச் சூடு என்று பேர் சொல்லிக் களிம்பு தடவிக்கொண்டது ஞாபகம் வந்தது. எந்த மனிதனும் தன் உடம்பை இவ்வளவு சுலபமாக நம்பியிருக்க மாட்டான். ஊரில் உள்ள எல்லா சுவிட்சையும் தொட்டுப் பார்த்தவன் இதை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்த ஊரில் ஒரு பெண் இருந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவள். இருவரும் கல்யாணம் செய்துகொள்வது என்றே இருந்தார்கள். அவள் வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போனாள், இவனுக்கு மாற்றல் வந்தது, சண்டை இல்லாமலே அது முடிந்துபோயிற்று. அவளுக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று இப்போது தோன்றியது. அவள் தன்னை ஏமாற்றினாளா என்று ஒரு கணம் நினைத்தான். அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே கூச்சமாக இருந்தது.

அவனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது இருவரும் சேர்ந்தே போனார்கள். பேருந்தில் அருகருகே உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"உங்களுக்கு முதல் தடவை புண்ணு வந்தப்போ அதைத் துடைச்சு டெஸ்ட் பண்ணதுல இந்த வைரஸ் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு எடுத்த ரத்தத்துல அதுக்கு எதிர்ப்பு உருவாகல. அப்போ உங்களுக்கு இது புதுசு" என்று டாக்டர் அவளிடம் சொன்னார். அவன் பக்கம் திரும்பினார். "உங்க ரத்தத்துல எதிர்ப்பு ஏற்கனவே இருக்கு. எப்ப வந்துச்சுன்னு இந்த டெஸ்ட் சொல்லாது. ஆனா நீங்க சொன்ன அந்தப் புண்ணையெல்லாம் வெச்சுப் பாத்தா, ரொம்ப நாளா இருக்குன்னுதான் நான் நெனைக்கிறேன்."

"பத்து வருஷம் இவங்களுக்கு வராம எப்படி டாக்டர் இருந்துச்சு?"

"இருக்கும். அது தோலுக்கு வர்ற நாள் கொஞ்சம்தான். அந்த நாள்ல நீங்க சேராம இருந்திருப்பீங்க, இல்ல சேந்தும் தொத்தாம இருந்திருக்கும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா தினம் மாத்திரை, ஆணுறைன்னு ஆபத்தைக் குறைச்சிருக்கலாம். முழுசா இல்லாமப் பண்ண முடியாது. இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வகைதான் இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் பயப்பட வேண்டியதில்ல. புண்ணு இருக்கும்போது மட்டும் ஒதுங்கி இருங்க, வலிக்கும்."

வெளியே வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்று அவன் அந்தத் துணிக்கடைப் பெண்ணைப் பற்றிச் சொன்னான். முதன்முறையாக. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"பின்னாடி யாரும் இல்ல?"

"இல்ல. சத்தியமா."

"அதுக்கு எதைத் தொட்டுப் பாக்குறது?" என்றாள். பிறகு, அவன் எதிர்பார்க்காதபடி, குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. அதுகூடப் பரவால்ல. தெரியாம நடந்துச்சு. நீ ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு வேன் பின்னாடி வந்தியே. அது தெரிஞ்சு பண்ணதுதான?"

பத்து வருடத்தில் அவள் அவனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அவள் 'நீங்க'வுக்குத் திரும்பவே இல்லை.

பள்ளி விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவுக்கு மூக்கு வியர்த்தது. அடிக்கிறானா, குடிக்கிறானா, வேறு யாராவது இருக்கிறாளா என்று துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில் தாங்காமல், நோயின் பேரை மட்டும் சொன்னாள் தங்கை. அக்கா கட்டிப்பிடித்து அழுதாள். மறுநாள் காலையில் காப்பி வேறொரு டம்ளரில் வந்தது. விளிம்பில் நசுங்கிய, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் டம்ளர். மத்தியானம் தட்டும் தனியாக இருந்தது. குளியலறையில் அக்கா பினாயில் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது.

"அக்கா, டம்ளரால வராது. தட்டால வராது. பாத்ரூமால வராது" என்றாள் அவள்.

"உனக்கு என்னடி தெரியும். நமக்குப் புள்ளைங்க இருக்குல்ல."

அதே காரியத்தைத்தான் அவளும் தன் வீட்டில் செய்துகொண்டிருந்தாள். தனி சோப்பு, தனி வாளி, தள்ளிப் படு. டாக்டர் சொல்லியும் மனசு கேட்காமல் மகளைத் தொடாமலே இருந்தாள். அந்த மத்தியானம் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மகள் உடம்பு முதலில் விறைத்தது. இது எத்தனை நேரத்துக்கு என்று பார்ப்பது போல அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இளகிற்று.

மறுநாள் பெட்டியைக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் டெஸ்டரிடம் சொன்னாள்: "உன்னை நம்புறேன்னு சொல்ல மாட்டேன். அது தானா வந்தா வரட்டும். ஆனா நீ என் போனை எடுக்கக் கூடாது. நான் லேட்டா வந்தா, ஏன்னு கேளு. கேட்டதுக்கு நான் சொல்ற பதிலோட நிறுத்திக்கணும்."

"சரி."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கும்" என்று ஒப்புக்கொண்டான்.

கஷ்டமாகத்தான் இருந்தது. கேஸ் திருகைத் தொடப் போய்ப் பாதி வழியில் நின்று திரும்பி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் சுலபமில்லை. அவன் போனில் சிரித்துப் பேசினால் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். நாளடைவில் அவன், அவள் கேட்பதற்கு முன்பே, "சூப்பர்வைசர்" என்றோ "மாமா பேசினார்" என்றோ சொல்லிவிடப் பழகிக்கொண்டான். அவள் தலையசைப்பாள். நம்பித்தான் தலையசைக்கிறாளா என்று அவன் யோசிப்பான். அந்த யோசனையோடும் குடும்பம் நடத்த முடிந்தது.

அந்த வருஷத்திலேயே அவளுக்கு மறுபடி வந்தது. ஆனால் முதல் தடவை போலக் காய்ச்சல் இல்லை, நெறி கட்டவில்லை. வருவதற்கு முந்தின நாள் தொடையில் ஒரு குறுகுறுப்பு, காலை இழுப்பது போல ஒரு வலி. அது வந்தவுடன் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் நான்கைந்து கொப்புளத்தோடு அடங்கிவிடும் என்று தெரிந்துகொண்டாள். லாண்டரியில் சேர்ந்தாற்போல ராத்திரி ஷிஃப்ட் போட்டால் வருகிறது என்பதையும் கண்டுபிடித்து, ஷிஃப்ட் மாற்றிக் கேட்டு வாங்கினாள். அவனுக்கும் வரும், இடது பக்கம். இப்போது பட்டையைத் திட்டுவதில்லை. மகள் முன்னால் சொல்ல முடியாததால் இருவருக்கும் ஒரு பரிபாஷை உண்டாயிற்று. "லிஃப்ட் சர்வீஸ்ல இருக்கு" என்பாள் அவள். "எந்த மாடில நிக்குது?" என்று ஒருமுறை அவன் கேட்டுவிட்டான். அவள் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். அவர்கள் சேர்ந்து சிரித்து வெகு காலமாகியிருந்தது.

மகள் ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம் அவள் மறுபடி கர்ப்பமானாள். முதல் பரிசோதனையிலேயே தானே டாக்டரிடம் சொல்லிவிட்டாள். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்குத் தொற்றிவிடும், அது குழந்தைக்கு ஆபத்து, அப்போது ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும். புண் இல்லை என்றால் வழக்கமான பிரசவம்தான் என்றார்கள். கடைசி மாதம் முழுக்கத் தினமும் மாத்திரை கொடுத்தார்கள். அவள் தினமும் கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். பார்த்துவிட்டு வந்து "ஒண்ணுமில்ல" என்பாள். டெஸ்டர் அந்த ஒரு சொல்லை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டான்.

வலி எடுத்துச் சேர்ந்த அன்று, வார்டில் கட்டில்களுக்கு நடுவே துணித் திரைதான் இருந்தது. டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் டெஸ்டர் பையோடு நின்றிருந்தான். மனைவியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"எனக்கு ஹெர்பிஸ் இருக்கு டாக்டர். கீழ. இப்ப புண்ணு இல்ல, குறுகுறுப்பும் இல்ல. ஆனா நல்லா லைட் அடிச்சுப் பாத்துடுங்க."

திரையை விலக்கிக்கொண்டு வந்த ஆயா, டெஸ்டரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். அவன் பையைக் கை மாற்றிக்கொண்டான். வேறெங்கும் பார்க்கவில்லை.

டாக்டர் பார்த்தாள், புண் எதுவும் இல்லை. விடிவதற்குள் ஒரு பையன் பிறந்தான், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு.

அடுத்த நாள் டெஸ்டர் சாப்பாடு கொண்டு போனபோது, அவள் பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டிக் குரலைத் தணித்தாள்.

"அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு, 'அது எப்படிக்கா வரும்'னு. அதுக்கும் இந்த மாதிரி எரிச்சல் வந்திருக்காம். சூடுன்னு விட்டுடுச்சாம். போய்க் காட்டு, வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன்."

"நல்லதுதான்."

"உங்களுக்கு எப்படிக்கா வந்துச்சுன்னு கேட்டுச்சு."

அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் நின்றான். "என்ன சொன்ன?"

"அவர்கிட்டேருந்து வந்துச்சு, அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு சொன்னேன்." குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். "அப்படித்தான நீ சொல்லியிருக்க."

அதில் நம்பிக்கை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று.

"ஆறிடப் போகுது, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினான். அவள் கொஞ்சம் தாமதித்து, தலையைப் பிடிச்சுக்கோ என்று சொல்லி அவன் கையில் கொடுத்தாள்.